படிவ நிரல்களில் குவிய நிகழ்வுகளும் உள்ளீட்டுச் சரிபார்ப்பும்: ஒரு திறனாய்வு

மேசைக்கணினிப் படிவ நிரலாக்கத்தில் குவியம் (ஃபோகஸ்) என்பது, விசைப்பலகையில் தட்டுவதை அந்த நொடியில் எந்தக் கட்டுப்பாடு பெற்றுக்கொள்கிறது என்பதைக் குறிக்கும். திரையில் இருபது உரைப்பெட்டிகள் இருந்தாலும் குவியம் ஒன்றில்தான் இருக்க முடியும். கர்சர் மின்னிக்கொண்டிருப்பதும் அங்கேதான். குவியம் ஒரு பெட்டிக்குள் நுழையும்போதும் அதை விட்டு நீங்கும்போதும் நிரலுக்குச் சில நிகழ்வுகள் அறிவிக்கப்படுகின்றன. அவற்றைப் பிடித்து, பெட்டியில் இட்டது சரியா என்று பார்ப்பது உள்ளீட்டுச் சரிபார்ப்பில் மிகப் பரவலான முறை. விசுவல் பேசிக், டெல்பி, ஜாவா சுவிங், விண்டோஸ் ஃபார்ம்ஸ் என எல்லாவற்றிலும் இதற்கு வழி உண்டு.

இந்த நிகழ்வுகளைக் கற்பிக்கும் பயிற்சிக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டையே தருகின்றன: உள்ளீடு தவறாக இருந்தால் கர்சரை வெளியே விடாதே. மாணவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அந்த அறிவுரை எங்கே பழுதுபடுகிறது என்பதையும், தமிழ்ப் பெயர்களும் தாம்பரம் வட்டார முகவரிகளும் அதில் எப்படிச் சிக்கிக்கொள்கின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வெளியே விடாத பெட்டி

விசுவல் பேசிக்கின் தொடக்கப் பதிப்புகளில் சரிபார்ப்புக்கென்று தனி நிகழ்வு இல்லை. குவியம் போன பிறகு எழும் லாஸ்ட்ஃபோகஸ் நிகழ்வில் மதிப்பைப் பார்த்து, தவறென்றால் செட்ஃபோகஸ் கட்டளையால் கர்சரைத் திரும்ப இழுப்பார்கள். இதில் ஒரு பொறி இருந்தது. வயது, தொலைபேசி என இரண்டு பெட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். வயதுப் பெட்டியில் தவறான எண்ணை இட்டு டேப் விசையை அழுத்தியதும் குவியம் தொலைபேசிப் பெட்டிக்குப் போய்விடுகிறது. உடனே வயதுப் பெட்டியின் நிகழ்வு அதைத் திரும்ப இழுக்கிறது. இழுக்கும்போது தொலைபேசிப் பெட்டி குவியத்தை இழக்கிறது. அது காலியாக இருப்பதால் அதன் சரிபார்ப்பும் தவறென்று சொல்லித் தன் பக்கம் இழுக்கிறது. இரண்டும் மாறி மாறி இழுக்க, நிரல் உறைந்துபோகும்.

1998இல் வெளிவந்த விசுவல் பேசிக் 6 இதற்கு வேலிடேட் என்ற நிகழ்வைக் கொண்டுவந்தது. குவியம் நீங்குவதற்கு முன்பே இது எழும். இதில் கேன்சல் என்ற மதிப்பை மெய் என்று வைத்தால் குவியம் நகராது. கூடவே காசஸ்வேலிடேஷன் என்ற பண்பும் வந்தது. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இந்தப் பண்பு பார்க்கப்படுவது குவியம் போய்ச்சேர இருக்கும் கட்டுப்பாட்டில். அது இருந்த பெட்டியில் அன்று. அதனால் 'ரத்து', 'உதவி' போன்ற பொத்தான்களில் இந்தப் பண்பைப் பொய் என்று வைக்க வேண்டும். வைக்கவில்லையென்றால், படிவமே வேண்டாம் என்று வெளியேற நினைப்பவரும் முதலில் பெட்டியைச் சரியாக நிரப்பியாக வேண்டும். ஜாவா சுவிங்கின் இன்புட்வெரிஃபையர் வகுப்பிலும் இதே ஏற்பாடு வேறு பெயரில் உண்டு.

பூட்டு இவ்வளவு கடுமையாக இருந்தும் கதவு சரியாக மூடுவதில்லை. விசுவல் பேசிக் 6இல் 'சேமி' பொத்தானை இயல்புப் பொத்தானாக வைத்திருந்தால், பெட்டியில் இருந்தபடியே என்டர் விசையை அழுத்திச் சேமிக்கலாம். குவியம் நகராததால் வேலிடேட் நிகழ்வு எழாது. தவறான மதிப்பு தரவுத்தளத்துக்குள் போய்விடும். கருவிப்பட்டையில் உள்ள பொத்தான்களும் குவியத்தை எடுத்துக்கொள்வதில்லை. எனவே அவற்றின் வழியாகவும் இதே ஓட்டை. வேலிடேட்கண்ட்ரோல்ஸ் என்ற கட்டளையைச் சேமிக்கும் இடத்தில் அழைத்தால் இது தீரும். ஆனால் பயிற்சி ஏடுகளில் அந்தக் கட்டளையைக் காண்பது அரிது.

விண்டோஸ் ஃபார்ம்ஸில் நிகழ்வுகள் இன்னும் நுணுக்கமானவை. டேப் விசையால் நகர்ந்தால் லீவ், வேலிடேட்டிங், வேலிடேட்டட், லாஸ்ட்ஃபோகஸ் என்ற வரிசையில் எழும். சுட்டியால் வேறிடம் சொடுக்கினால் லாஸ்ட்ஃபோகஸ் முதலில் வந்துவிடும். மற்றவை அதன் பின். விசைப்பலகையில் மட்டும் சோதித்துப் பார்த்த நிரல், சுட்டியைத் தொட்டதும் வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம். இந்த நிகழ்வுகளுக்குள் குவியத்தை மாற்றக் கூடாது, மாற்றினால் நிரல் செயலற்றுப் போகலாம் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே எச்சரிக்கிறது. 2005இல் வந்த டாட்நெட் 2.0, ஆட்டோவேலிடேட் என்ற பண்பைச் சேர்த்து, குவியத்தைத் தடுக்காமலே சரிபார்க்க வழி செய்தது. ஆனால் அதன் இயல்புநிலை, தடுப்பதாகவே விடப்பட்டது. படிவத்தின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை எத்தனை முறை சொடுக்கினாலும் சாளரம் மூடாத நிரல்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். காரணம் பெரும்பாலும் இந்த இயல்புநிலைதான்.

விசைப்பலகைக்கு முன் யார்

மேற்சொன்ன குறைகள் யாவும் நிரலரின் கவனத்தால் தீரக்கூடியவை. தீராத குறை வேறு: பெட்டியில் இருப்பது சரியா என்பது, பெட்டியை விட்டு நீங்கும் நொடியில் பல வேளைகளில் தட்டச்சு செய்பவருக்கே தெரியாது.

தாம்பரத்திலோ சேலையூரிலோ உள்ள ஒரு பள்ளியின் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். தட்டச்சு செய்பவர் அலுவலக உதவியாளர். தகவலுக்கு உரியவர் எதிரே நிற்கும் பெற்றோர். அவர் கையில் மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறது. பிறந்த தேதி சரியாக நினைவில்லை, கணவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது. கர்சரோ பிறந்த தேதிப் பெட்டியை விட்டு நகர மறுக்கிறது. உதவியாளர் என்ன செய்வார்? 01-01-2013 என்று அடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று. தொலைபேசி எண் தெரியவில்லையென்றால் பத்து ஒன்பதுகள். பத்து இலக்கம் வேண்டும் என்ற விதி நிறைவேறிவிட்டது; நிரல் அமைதியாகிவிடும்.

பூட்டிய பெட்டியின் உண்மையான விளைபொருள் இந்தப் பொய்த் தகவல்தான். காலியாக விடப்பட்ட பெட்டி 'இது இன்னும் தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொல்லும். பிறகு காலியானவற்றைத் தேடி எடுத்துத் திருத்தவும் முடியும். 01-01-2013 என்பது எதையும் சொல்லாது. அந்த நாளில் உண்மையிலேயே பிறந்த பிள்ளையோடு கலந்துவிடும். சில ஆண்டுகள் கழித்துப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் வேளையில்தான் அது வெளிப்படும். காகிதப் பதிவேட்டின் காலத்தில் இதற்குப் பென்சில் இருந்தது. தெரியாததைப் பென்சிலால் குறித்து வைத்து, சான்றிதழ் வந்ததும் மையால் எழுதுவார்கள். படிவ நிரல் எழுதுபவர்கள் அந்தப் பென்சிலை மறந்துவிட்டார்கள்.

தேதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. விசுவல் பேசிக்கின் இஸ்டேட் என்ற சோதனை, தேதி போலத் தோன்றும் எதையும் ஏற்றுக்கொள்ளும் தாராள குணமுடையது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/06/2012 என்பது மே 6 ஆகப் பதிவாகும். 25/06/2012 என்று இட்டாலோ, 25ஆவது மாதம் இல்லாததால் அதுவே திருப்பிப் போட்டு ஜூன் 25 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். ஆக 12ஆம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களின் பதிவெல்லாம் சரியாகவும், முதல் பன்னிரண்டு நாட்களில் பிறந்தவர்களின் பதிவு நாளும் மாதமும் இடம் மாறியும் இருக்கும். சோதித்துப் பார்ப்பவர் 25ஆம் தேதியை இட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டால், பிழை கண்ணில் படவே படாது.

புள்ளியைத் தின்னும் சரிபார்ப்பு

பெயர்ப் பெட்டியில் எழுத்துகள் மட்டுமே வர வேண்டும், எண்களும் குறிகளும் கூடாது என்பது மாணவர்கள் எழுதும் முதல் சரிபார்ப்பு. கீபிரஸ் நிகழ்வில் ஒவ்வொரு தட்டலையும் பார்த்து, எழுத்தல்லாததை விழுங்கிவிடுவார்கள். (அவசரத்தில் எழுதியதில் பின்னழி விசையும் சேர்ந்து விழுங்கப்படுவது வழக்கம்.) டாட்நெட்டில் எழுத்தா என்று பார்க்க இஸ்லெட்டர் என்ற சோதனை உண்டு. ஆங்கிலப் பெயருக்கு அது போதும்.

யூனிகோடு தரத்தில் க, த, ம போன்ற அகரமேறிய மெய்களும் அ முதலான உயிர்களும் ஆய்தமும் 'எழுத்து' என்ற வகையில் உள்ளன. கால், கொம்பு, விசிறி முதலான உயிர்க்குறிகளும் மெய்யின் புள்ளியும் 'குறி' என்ற வேறு வகை. ஆகவே இஸ்லெட்டர் சோதனை இவற்றை எழுத்தில்லை என்று தள்ளிவிடும். இப்படிப்பட்ட பெட்டியில் ஒருவர் தாம்பரம் என்று அடித்தால் திரையில் வருவது 'தமபரம'. பல்லாவரம் 'பலலவரம' ஆகும். தமிழ்99 விசைப்பலகையில் நிலைமை இன்னும் வேடிக்கை. ம, ப என்று அடுத்தடுத்துத் தட்டினால் இடையில் புள்ளியைத் தானே சேர்த்து 'ம்ப' ஆக்குவது அந்த முறையின் வசதி. ஒவ்வொரு குறியாக வடிகட்டும் நிரல், பயனர் தட்டாமலே வந்த அந்தப் புள்ளியையும் பிடித்துக்கொள்ளும். பயனருக்குத் தன் விசைப்பலகைதான் கெட்டுவிட்டது என்று தோன்றும்.

இது யூனிகோடோடு வந்த சிக்கலும் இல்லை. அதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுதியபோது, ஆங்கிலக் குறிகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருந்தன. பாமினியில் மெய்ப்புள்ளி இருந்த இடம் அரைப்புள்ளி விசை. தரவுத்தளக் கட்டளையில் குழப்பம் வரும் என்று அரைப்புள்ளியை நீக்கும் நிரல், தமிழில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தே நீக்கிவிடும். இரண்டு தலைமுறைத் தொழில்நுட்பத்திலும் சரிபார்ப்பு முதலில் தின்றது புள்ளியைத்தான். ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதும் வழக்கம் இருந்தது. படிப்பவர் இடமறிந்து புள்ளி சேர்த்துப் படித்துக்கொண்டார். கணினியின் தேடல் அப்படிப் படிக்காது. 'தமபரம' என்று பதிவானவரைத் தாம்பரம் என்று தேடினால் கிடைக்கமாட்டார்.

நீளக் கட்டுப்பாட்டிலும் இதே கதை. தாம்பரம் என்பதைப் பள்ளிப் பிள்ளை ஐந்து எழுத்து என்று எண்ணும். மேக்ஸ்லெங்த் பண்பு எட்டு என்று எண்ணும். குரோம்பேட்டை ஆறு எழுத்து, கணினிக்குப் பன்னிரண்டு. ஊர்ப்பெயருக்குப் பத்து இடம் போதும் என்று முடிவுசெய்த படிவத்தில் அது 'குரோம்பேட்' என்று நின்றுவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முன்னதில் குரோம்பேட்டைக்கு 12 குறிகள், பின்னதில் 13. இயல்பாக்கம் செய்யாமல் குறிக்குக் குறி ஒப்பிடும் நிரலுக்கு அவை இரண்டு ஊர்கள்.

முன்னெழுத்தும் குடும்பப்பெயரும்

தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து, சிலருக்கு ஊர்ப்பெயரின் முதலெழுத்தும், பெயருக்கு முன் நிற்கும். பெயரையும் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. நிரல்கள் அதற்கு ஆயத்தமா என்று பார்க்கலாம். முன்னெழுத்துப் பெட்டிக்கு ஒரே ஓர் இடம் ஒதுக்கிய படிவத்தில், ஆங்கிலத்தில் எம் என்ற ஒற்றை எழுத்து அடங்கும். தமிழில் 'மு' என்று இட்டால் மகரம் மட்டும் நிற்கும். உகரக் குறிக்கு இடமில்லை. மு. க. ஸ்டாலின் என்ற அன்றைய முதலமைச்சரின் பெயரே அந்தப் படிவத்தில் ம. க. ஸ்டாலின் ஆகிவிடும்.

குடும்பப்பெயர் கட்டாயம் என்ற விதி இதைவிடத் தீங்கானது. நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த நிரந்தரக் கணக்கு எண்ணுக்கான 49ஏ படிவம், குடும்பப்பெயரைத் தனிக் கட்டத்தில் கேட்டு, முன்னெழுத்துகளை விரித்து எழுதச் சொன்னது. ஒருவர் அப்பாவின் பெயரை அங்கே எழுதுவார். இன்னொருவர் தன் பெயரையே எழுதுவார். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் வெவ்வேறு 'குடும்பப்பெயர்' அமைந்துவிடும். காலியாக விட்டாலும் தப்பில்லை என்பதற்கு இந்தியக் கடவுச்சீட்டே சான்று. அதில் குடும்பப்பெயர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுக்கு வருகை விசாவில் அனுமதியில்லை என்று விமான நிறுவனங்களுக்கு அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு தெளிவுபடுத்தியது. ஒரு பெட்டி காலியாக இருக்கலாமா என்பது நிரலரின் மேசையில் ஒரு சொடுக்கில் முடிவாகும் காரியம். அதன் பலனை விமான நிலையத்தில் வேறொருவர் அனுபவிக்கிறார்.

600 என்றால் சென்னையா

அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ளது. ஆறு இலக்கம், முதல் இலக்கம் சுழியமாக இராது: இவ்வளவையும் சரிபார்ப்பதில் தவறில்லை. பல படிவங்கள் ஒரு படி மேலே போய், குறியீட்டைத் தட்டி முடித்ததும் லீவ் நிகழ்வில் மாவட்டத்தைத் தாமே நிரப்புகின்றன. 600 என்று தொடங்கினால் சென்னை.

மேற்குத் தாம்பரத்தின் குறியீடு 600045, கிழக்குத் தாம்பரத்துக்கு 600059, குரோம்பேட்டைக்கு 600044. தொலைபேசிக் குறியீடும் சென்னையின் 044தான். ஆனால் இவ்வூர்கள் சென்னை மாவட்டத்தில் இல்லை. 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன. அஞ்சல் குறியீடு கடிதத்தைச் சேர்க்கும் வழியைக் காட்டுவது. வருவாய்த் துறையின் எல்லையைக் காட்ட அது ஏற்பட்டதில்லை. அவசரத்தில் இருப்பவர் தானாக நிரம்பிய 'சென்னை'யைக் கவனிக்கமாட்டார். கவனித்துத் திருத்தினாலும், குறியீடும் மாவட்டமும் பொருந்தவில்லை என்று கர்சரைப் பூட்டும் படிவங்கள் உண்டு.

பிறந்த இடம் கேட்கும்போது இது இன்னும் சிக்கலாகும். தாம்பரம் 1997 வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலும், அதன்பின் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், இப்போது புதிய செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருக்கிறது. 2012இல் அங்கே பிறந்த பிள்ளை காஞ்சிபுரம் மாவட்டத்தில் பிறந்த பிள்ளை. தாம்பரம் என்றால் செங்கல்பட்டு என்று மட்டுமே அறிந்த சரிபார்ப்பு, அந்த உண்மையைப் பிழை என்று சொல்லித் திருத்தச் சொல்லும். திருத்திவிட்டால் சான்றிதழுக்கும் பதிவுக்கும் முரண். உள்ளாட்சியிலும் அவ்வாறே: 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. பழைய சொத்துவரி ரசீதில் உள்ள பெயர் இன்றைய பட்டியலில் இராது.

குவிய நிகழ்வுகளின் நல்ல பயன்

இந்த நிகழ்வுகளே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. பூட்டும் முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்றில் நியாயம் உண்டு. வேகமாகத் தரவு உள்ளிடுபவர்கள் திரையைப் பார்ப்பதில்லை. கண் காகிதத்தில் இருக்கும். பிழையை உடனே சொல்லாவிட்டால் பத்துப் பெட்டிகள் தாண்டிய பிறகு தெரிந்து பயனில்லை. உண்மைதான். ஆனால் அவர்களுக்கு வேண்டியது ஓர் ஒலியும், பெட்டியருகே ஒரு குறியும். செய்திப் பெட்டியைத் திறப்பது அவர்களுக்கே அதிகக் கேடு: அவர்கள் தட்டும் அடுத்த என்டர், செய்தியைப் படிக்காமலே மூடிவிடும். அந்தச் செய்தியிலும் பெரும்பாலும் 'தவறான உள்ளீடு' என்பதற்கு மேல் ஒன்றும் இராது. எது தவறென்று சொல்லாமல் விடைத்தாள் முழுதும் சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியரைப் போன்றது அது.

விண்டோஸ் ஃபார்ம்ஸில் இதற்கான கருவிகள் எல்லாம் உள்ளன. ஆட்டோவேலிடேட் பண்பைக் குவியத்தை அனுமதிக்கும் நிலைக்கு மாற்றி, வேலிடேட்டிங் நிகழ்வில் எரர்புரொவைடர் வழியாகக் குறியை மட்டும் காட்டலாம். 'சேமி' பொத்தானில் வேலிடேட்சில்ட்ரன் கட்டளையை அழைத்து அனைத்தையும் ஒருசேரப் பார்க்கலாம். கருவிப்பட்டைப் பொத்தானுக்கும் இதுவே காவல். அங்கும் குறை இருந்தால், 'நிலுவையுடன் சேமி' என்று ஒரு வழி இருக்க வேண்டும். காகிதத்துப் பென்சிலின் இடம் அதுதான். கட்டாயமாகத் தடுக்க வேண்டியவை மிகச் சில: ஏற்கெனவே உள்ள சேர்க்கை எண்ணை மீண்டும் இடுவது, கட்டணத் தொகையில் எண் அல்லாதது. அவற்றையும் சேமிக்கும் இடத்தில் தடுத்தால் போதும்.

குவியம் பெட்டிக்குள் நுழையும் நிகழ்வுதான் உண்மையில் அதிகம் உதவக்கூடியது; அதைத்தான் பயிற்சிகள் கண்டுகொள்வதில்லை. தமிழ்ப்பெயர்ப் பெட்டிக்குள் நுழைந்ததும் விசைப்பலகை தமிழுக்கும், கதவு எண்ணுக்கு வந்ததும் ஆங்கிலத்துக்கும் மாறும்படி என்டர் நிகழ்வில் சில வரிகளில் எழுதிவிடலாம். இரண்டு மொழிகளில் நிரப்பும் படிவத்தில், ஒரு நாளைக்கு எத்தனை விசைத்தட்டல்களை அது மிச்சமாக்கும் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவர் அறிவார். பெயரைச் சரிபார்ப்பதாயின் எழுத்து, குறி ஆகிய இரு வகைகளையும் புள்ளியையும் இடைவெளியையும் ஏற்க வேண்டும். தட்டலுக்குத் தட்டல் பார்ப்பதைவிட, பெட்டியை விட்டு நீங்கும்போது முழுப் பெயரையும் இயல்பாக்கிப் பார்ப்பது நல்லது. ஒட்டப்பட்ட உரை கீபிரஸ் நிகழ்வின் வழியே வருவதில்லை என்பதால், அந்தக் காவல் எப்படியும் பாதிதான். நீளத்துக்கு ஸ்ட்ரிங்இன்ஃபோ வகுப்பைக் கொண்டு எண்ணினால், தாம்பரம் ஐந்து என்றே வரும்.

நிரலைச் சோதிப்பதற்குக் கற்பனைப் பெயர்களைவிட ஊரில் கிடைப்பவையே மேல். 'மு' என்ற முன்னெழுத்து, ஒற்றைச் சொல் பெயர், 600045 என்ற குறியீட்டோடு செங்கல்பட்டு மாவட்டம், காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாம்பரத்தில் 05-06-2012 அன்று பிறந்த ஒரு பிள்ளை, இரண்டு விசைப்பலகைகளில் அடித்த குரோம்பேட்டை: இந்த ஐந்தையும் இட்டுப் பார்க்க அரைமணி நேரம் ஆகாது.